இரண்டு பல் பிசகிய கார்

சங்கரன்கோவில் அலுவலகத்தில் ஒரு பிறப்புப் பதிவின் நகலைப் பெற எப்படியும் நான்கு நாளாவது ஆகும் என்று, கடலுக்கு அப்பால் நான் வாழும் ஈப்போவில் என்னை எச்சரிக்காதவர் இல்லை. அதற்காகவே இரண்டு தடித்த நூல்களையும் வயிற்றுக்கான மாத்திரைகளையும் பெட்டியில் எடுத்துவைத்திருந்தேன். என் குடியுரிமை விண்ணப்பத்துக்கு அந்த நகல் இன்றியமையாதது. மூன்று வயதில் கப்பலேற்றப்பட்ட எனக்கு அவ்வூரோடு எஞ்சியிருந்த உறவு அந்த ஒரு தாள்தான். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அலுவலகத்துள் நுழைந்தேன். எழுத்தர் பழைய பதிவேடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். விரலை வைத்துத் தடவி என் பெயரைக் கண்டுபிடித்தார். பதினொன்றரைக்கு முத்திரையிட்டுக் கையில் கொடுத்துவிட்டார். நான்கு நாளுக்கென்று நான் சேர்த்துவைத்திருந்த பொறுமை முழுவதும் செலவாகாமல் மிஞ்சியது. அதை ஒரு கார் மூன்று நாளில் தின்று தீர்த்தது.

கார் என்னுடையது அன்று. பாளையங்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் நெல்லையப்ப அண்ணனுடையது. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற புது மாதிரிச் சிறிய கார். வாங்கி ஓராண்டு கடந்தும் இருக்கைகளின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையை அவர் கழற்ற விடவில்லை. நான் உட்காரும்போதெல்லாம் அது முறுமுறுத்தது. ஈப்போவில் இத்தகைய சிறிய கார்கள் தெருவுக்கு நாற்பது நிற்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கோ நாங்கள் நிறுத்திய இடமெல்லாம் ஆள்கள் கூடி, குனிந்து, கதவைத் தட்டிப் பார்த்து, தகரம் மெல்லியது என்று முடிவு சொன்னார்கள்.

ஓட்டுநர் முருகையா அண்ணனிடம் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்பவர். முதலில் உர மூட்டை ஏற்றும் லாரி, பிறகு அம்பாசடர், இப்போது இது. வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் கைப்பிரேக்கை இழுத்த பின்னும் முதல் கியரில் போட்டுவிட்டே இறங்குவார். கைப்பிரேக்கை நம்பக் கூடாது என்பது பழைய வண்டிகள் அவருக்குக் கற்பித்த பாடம்.

பகலில் கோயில் நடை சாத்தியிருந்தது. மாலையில் திறக்கும்வரை காத்திருந்து, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு ஆறு மணிக்கு வெளியே வந்தேன். முருகையா காரை ரத வீதியில் ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அன்று யாரோ ஒருவருடைய மண்டகப்படி, சுவாமி வீதியுலா உண்டு என்றார்கள். மேளச் சத்தம் நெருங்கி வந்தது. சப்பரம் திரும்பும் முனையில் எங்கள் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு பெரியவர் என்னிடம் வந்து, வண்டி உங்களுடையதா, எட்டடி பின்னால் போனால் போதும் என்றார். சாவி என்னிடம் இல்லை என்றேன். அதனால் ஒன்றுமில்லை, தூக்கி வைத்துவிடலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். பத்துப் பேர் பின்பம்பரைப் பிடித்துப் பின்பகுதியைத் தரையிலிருந்து கிளப்பினார்கள். இரண்டு பேர் முன்னாலிருந்து தள்ளினார்கள். கார் சற்றே முரண்டு பிடித்து, உள்ளே கடகடவென்று ஏதோ உருள, பின்னோக்கி நகர்ந்தது. ஊர்மக்களின் ஒற்றுமையை மெச்சினேன். இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று மேற்பார்வை செய்ததாகவும் நினைவு.

ஏழு மணிக்கு முருகையா சாவியைத் திருகினார். கார் கனைத்தது, உதைத்தது, முன்மூடிக்குள் ஒரு வெடி வெடித்தது, அடங்கிவிட்டது. ஆறாம் முறை உயிர் வந்தபோது, குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல் முழு வண்டியும் நடுங்கியது.

உடனே மருத்துவர்கள் கூடினார்கள். முடிதிருத்தும் கடையிலிருந்து பாதிச் சவரத்தோடு எழுந்து வந்த ஒருவர் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றார். தேநீர்க் கடைக்காரர் கார்புரேட்டரில் தூசி என்றார். சீமை எஞ்சின் நம் வெயிலைத் தாங்காது என்றார் பள்ளி ஆசிரியர் ஒருவர். அப்போது வெயில் இல்லை. நானும் ஆசிரியன்தான், அறியாத பாடத்தை இவ்வளவு உறுதியாக நடத்தும் துணிவு எனக்கு வாய்த்ததில்லை.

அன்றிரவு விடுதியில் தங்கினோம். சுவருக்கு அப்பால் விசைத்தறிகள் விடியும்வரை ஓடின. அவற்றில் எதுவும் கனைக்கவில்லை, எதுவும் உதைக்கவில்லை.

புதன்கிழமை காலை, இராஜபாளையம் சாலையில் பேச்சிமுத்து என்பவருடைய பட்டறைக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். பேச்சிமுத்து நாற்பது வயதுக்காரர், கை சுத்தமானவர், பேச்சு அதைவிடச் சுத்தமாக ஓடும். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

“பாயிண்டு தேஞ்சிருக்கு அண்ணாச்சி. அரை மணி நேரம். பொறவு வண்டி பறக்கும்,” என்றார்.

அந்த அரை மணி நேரம் பிற்பகல் ஒரு மணிவரை நீண்டது. பாயிண்டை மாற்றினார். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஒரு தட்டில் பரப்பினார். திரும்பப் பூட்டியபின் தட்டில் ஒரு சிறு திருகு மிஞ்சியது. அது முதலிலேயே தேவையற்றது என்றார். இறுதியில், பிளக்குகளுக்கு மின்பொறியை முறைவைத்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, அது முன்பு இருந்த நிலையை ஆணியால் ஒரு கீறல் போட்டுக் குறித்துக்கொண்டு, காதைச் சாய்த்தபடி மெல்லத் திருப்பினார். நடுக்கம் பாதி குறைந்தது. ஊர் கைதட்டியது.

அவர் வீட்டிலேயே எங்களுக்குச் சாப்பாடு போட்டார். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அம்மூன்று நாளில் எனக்குக் குறை சொல்ல இடமளிக்காத பொருள் அது ஒன்றுதான். ஈப்போவில் எந்தப் பட்டறைக்காரரும் வண்டி கொண்டுவந்தவனுக்கு இலை போட்டதில்லை என்பதை நேர்மை கருதி இங்கே பதிவு செய்கிறேன். அங்கே வண்டி ஓடும் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

இரண்டு மணிக்குத் திருநெல்வேலிச் சாலையில் புறப்பட்டோம். மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. மாட்டுவண்டிகளை முந்தினோம், சைக்கிள்களோடு போட்டியிட்டோம். பனவடலிசத்திரத்துக்கு இரண்டு மைல் இருக்கையில் முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி எழுந்தது. பிறகு இரண்டு வெடி. பிறகு அமைதி. கண்ணுக்கெட்டியவரை கரிசல் காடு. நிழலென்று சொல்ல ஓர் உடைமரம். அதையும் ஓர் ஆட்டுமந்தை பிடித்துக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்தது. சங்கரன்கோவிலுக்கு மிளகாய் வற்றல் மூட்டைகளை ஏற்றிப்போகும் டிராக்டர். ஓட்டியவர் இரக்கமுள்ளவர், கயிறும் வைத்திருந்தார். மூட்டைகளின் பின்னால் பன்னிரண்டடித் தொலைவில் எங்களைக் கட்டி இழுத்தார். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே வேகிறது. இறக்கினால் மிளகாய் நெடி. வழியெல்லாம் தும்மினேன். களை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். “ஏட்டி, புதுக் காரு அழுதுகிட்டே போவுது பாரு,” என்றாள் ஒருத்தி. அழுதது கார் அன்று. டிராக்டர்க்காரர் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தேநீர் அருந்தினார். எங்களுக்கும் வாங்கிக் கொடுத்தார். நான் தும்மலுக்கிடையே குடித்தேன்.

இந்த மனநிலையில்தான், காரை மறுபடி பட்டறையில் விட்டுவிட்டு, அஞ்சலகத்துக்குப் போய்ப் பாளையங்கோட்டைக்கு டிரங்க்கால் பதிவு செய்தேன். ஒன்றே கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தொடர்பு கிடைத்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, வண்டிக்கு என்ன என்பது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். உங்கள் ஓட்டுநருக்கு லாரி ஓட்டிப் பழகிய கால், இந்தச் சிறிய எஞ்சினையும் அப்படியே மிதித்திருக்கிறார் என்றேன். அதற்கு எந்தச் சான்றும் என்னிடம் இல்லை. மூக்கில் மிளகாய் நெடி இருந்தது.

 அண்ணன் சொன்னார்: “சாவியை நீ வாங்கி வச்சுக்க தம்பி. அவனை பஸ் ஏறி வீட்டுக்குப் போகச் சொல்லு. நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

இதை முருகையாவிடம் சொல்லும் பொறுப்பும் எனக்கே வாய்த்தது. அவர் அஞ்சலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். நான் என்ன சொன்னதால் அண்ணன் அப்படிச் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, என் கையில் வைத்தார்.

“இப்பம் நான் பஸ் ஏறிட்டேன்னா, நான்தான் கெடுத்தேன்னு ஆயிரும்யா. பதினேழு வருசத்துல ஒரு போல்ட்டு நான் உடைச்சதில்ல. இனிமே எவன் என்னை நம்பி வண்டி தருவான்? என்ன கோளாறுன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் இங்கன கிடக்கேன். நீங்களும் போயிராதீங்க. எந்தக் கோளாறா இருந்தாலும், நான் சொன்னா முதலாளி நம்ப மாட்டாக.”

எனக்குச் சனிக்கிழமை திருநெல்வேலியில் இரயில். அன்றே பேருந்தேறிப் போய், நகல் தாளோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். சாவி கையில் இருந்தது, ஆகவே இருந்தேன். நற்குணத்தால் அன்று, எரிச்சலோடுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை பேச்சிமுத்து பெட்ரோல் பம்பை மாற்றினார். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினார். பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புது நம்பிக்கை. ஒவ்வொரு நம்பிக்கைக்கும் ஒரு வெடி. முருகையா ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்; வண்டிக்கடியில் படுத்தார். எஞ்சினின் பக்கத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதை ஏன் திறக்கவில்லை என்று நான் கேட்டேன். திறக்காமல் விட்டது அது ஒன்றுதான் என்பதைத் தவிர என் கேள்விக்கு வேறு காரணம் இல்லை.

“அதுக்குள்ள டைமிங் செயினு இருக்கும் அண்ணாச்சி. செயினு எங்கன போகும்? கட்டிப்போட்ட மாடு மாதிரி அங்கனயேதான் கிடக்கும்,” என்றார் பேச்சிமுத்து.

ஈப்போவில் என் வீட்டருகே உள்ள சீனர் பட்டறையில் கார் வந்ததும் முதலில் ஒரு தடித்த புத்தகத்தைத் திறப்பார்கள். இங்கே புத்தகம் காரோடு வந்திருந்தது. அது தொலைந்துவிடக் கூடாது என்று அண்ணன் தம் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

பிற்பகல் மூன்று மணியளவில், சைக்கிளில் வந்த ஒருவர் பட்டறை வாசலில் காலூன்றி நின்றார். மெலிந்த உடல், நரைத்த மீசை, பின்னிருக்கையில் ஒரு சாக்குப் பை. குருவிகுளம் ராமசாமி என்று அறிமுகம் செய்தார்கள். கிணற்றுப் பம்புசெட்டுகளின் ஆயில் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். ஏதோ உதிரிப் பாகம் வாங்க ஊருக்கு வந்திருக்கிறார். கார்களில் கை வைத்ததில்லை என்று அவரே சொன்னார். கால் மணி நேரம் சைக்கிளிலிருந்து இறங்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, எஞ்சினை ஒரு வீடாக வைத்துப் பேசினார்.

“வே பேச்சிமுத்து, ரெண்டு நாளா நீரு வீட்டுக்கு வார வெளிச்சத்தையும் தண்ணியையுமே பாக்கீரு. கதவு சரியான நேரத்துக்குத் தெறந்து அடைக்கான்னு பாத்தீரா?”

“கதவு என்ன வே செய்யும்? புது வண்டி.”

“புது வண்டிக்குக் கதவு கிடையாதோ?”

ராமசாமி முதல் பிளக்கைக் கழற்றச் சொன்னார். அந்தத் துளையில் தம் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, எஞ்சினின் அடிச்சக்கரத்தை ஸ்பேனரால் மெல்லத் திருப்பச் சொன்னார். உள்ளிருந்து எழும் காற்று விரலைத் தள்ளும் கணத்துக்குக் காத்திருந்தார். டிஸ்ட்ரிபியூட்டரைப் பேச்சிமுத்து கீறிவைத்த பழைய நிலைக்கே திருப்பச் செய்தார். “கீறி வச்சீரே, அது உத்தமமான காரியம்,” என்றார். மூன்று முறை இதையே செய்தார். கூட்டத்தில் யாரும் வைத்தியம் சொல்லவில்லை. முதன்முறையாக அவ்வூரில் ஓர் எஞ்சினைச் சுற்றி மௌனம் நிலவியதைக் கேட்டேன்.

“பொறி முந்தி விழுது,” என்றார்.

“அதைத்தான் நான் திருப்பி வச்சேன்லா,” என்றார் பேச்சிமுத்து.

“நீரு பொறியை மட்டும் திருப்பினீரு. இந்த டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்துதது யாரு? மேல கதவுகளைத் தெறந்து மூடுத தண்டுதான். கூலிக்காரன் முந்தி வாரான்னா, அவனைக் கூட்டிட்டு வாரவன்லா முந்தி வந்திருக்கான். அந்தக் கறுப்பு மூடியைக் கழத்தும்.”

கழற்றினார்கள். உள்ளே சங்கிலி இல்லை. பற்கள் அமைந்த இரப்பர் வார் ஒன்று, கீழே ஒரு பல்சக்கரத்தையும் மேலே ஒரு பல்சக்கரத்தையும் தழுவி ஓடியது. பேச்சிமுத்து குனிந்து பார்த்தபடியே இருந்தார். “மாவு மில்லு பெல்ட்டுலா போட்டிருக்கான்,” என்றார் கடைசியில். அவரது குரலில் முன்பிருந்த ஓட்டம் இல்லை.

எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கீழ்ச் சக்கரம் எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களுக்குரியது. மேல் சக்கரம், காற்று நுழையவும் புகை வெளியேறவும் வாசல்களைத் திறந்து மூடுவது. இரண்டும் ஒரே தாளத்தில் சுழலவேண்டும். அத்தாளத்தைக் காப்பது அந்த வார். சக்கரங்கள் இரண்டிலும் ஒவ்வொரு குறி வெட்டியிருந்தது. கீழ்க்குறியை அதற்குரிய இடத்தில் நிறுத்தியபோது மேற்குறி தன் இடத்தைத் தாண்டி இரண்டு பல் முன்னே நின்றது. அதனால், புகை வெளியேறி முடியுமுன்பே புதுக் காற்றுக்கு வாசல் திறந்திருக்கிறது. மூன்று நாளாய் நாங்கள் கேட்ட வெடிகளின் பொருள் அதுதான்.

முருகையா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “இது எப்படி நழுவும்? நான் மிதிச்சதுலயா?”

கேள்வி ராமசாமிக்கு, பார்வை என்மேல் இருந்தது. அஞ்சலகத்தில் நான் சொன்னதை அவர் கேட்டிருக்கக்கூடும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. சன்னல் திறந்திருந்தது. டிரங்க்காலில் யாரும் மெல்லப் பேசுவதில்லை.

ராமசாமி வாரை விரலால் சுண்டினார். அதை இறுக்கிப் பிடிக்கும் சிறு சக்கரம் சற்றுத் தளர்ந்திருக்கிறது என்றார். “ஆனா மிதிச்சு ஓட்டி நழுவினா மேல் சக்கரம் பிந்தும். கீழ இருக்கவன் முன்னால இழுத்துட்டு ஓட, மேல இருக்கவன் பின்தங்குவான். இங்க மேல இருக்கவன் முந்தி நிக்கான். அப்பம் கீழ் சக்கரம் பின்பக்கமாச் சுத்தியிருக்கு. எஞ்சினு தானாப் பின்னால சுத்தாது. கியர் விழுந்து கிடக்க வண்டியை யாரோ பின்னால உருட்டியிருக்காவ.”

முருகையா தம் பிள்ளைகள்மேல் ஆணையிட்டார். மேட்டில் ஒருபோதும் பின்னோக்கி விட்டதில்லை. கியரில் போடாமல் இறங்கியதில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லி முடிக்குமுன் எனக்கு உள்ளே ஏதோ கடகடத்தது.

செவ்வாய் மாலை நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே ஒரு தப்புவழியும் கண்ணில் பட்டது. உருட்டவில்லை, தூக்கித்தான் வைத்தார்கள். பின்சக்கரங்கள் தரையில் படவே இல்லை என்றேன். பேச்சிமுத்து என் பக்கம் நின்றார். கியரில் கிடக்கும் வண்டியைப் பின்பக்கம் தூக்கித்தான் நகர்த்தவேண்டும். அது ஊர் வழக்கம். திருவிழாவுக்குத் திருவிழா ரத வீதியில் நிற்கும் அம்பாசடர்களை அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். எஞ்சின் சுழற்றுவது பின்சக்கரத்தை. அது அந்தரத்தில் இருக்கும்போது எஞ்சினுக்கு என்ன கேடு என்று கேட்டார். கூட்டம் தலையசைத்தது. அவர்களில் இரண்டு பேர் அன்று பம்பரைப் பிடித்தவர்கள் என்பதைக் கண்டுகொண்டேன். மூன்று நாளும் அங்கேயே நின்று பெட்ரோலையும் தூசியையும் பற்றிப் பேசியவர்கள். தாங்கள் தூக்கியதை யாரும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, செய்தது முறையான உதவி என்பதில் அவர்களுக்கு ஐயம் இல்லாததால், சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

 ராமசாமி வண்டிக்குக் கீழே குனிந்து, முன்னிருந்து பின்வரை பார்த்தார்.

“வே, எஞ்சினுல இருந்து பின்சக்கரத்துக்குப் போற ராடு எங்க?”

பேச்சிமுத்தும் குனிந்தார். முருகையா குனியவில்லை. நின்ற இடத்திலேயே மெல்லச் சொன்னார்: “ராடு கிடையாது. இதுல இழுக்கது முன்சக்கரம்.”

ஆக, பின்பகுதியைத் தூக்கியபோது கைப்பிரேக்கின் பிடி மட்டுமே போயிற்று. எஞ்சினோடு பிணைந்த முன்சக்கரங்கள் தரையில் இருந்தன. பத்துப் பேர் வலிமையில், எட்டடித் தூரம், எஞ்சினைப் பின்னோக்கி அரைத்திருக்கிறார்கள். முன்பகுதியைத் தூக்கியிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. ஊரே பழகிய நல்வழக்கம், தலைகீழாக அமைந்த ஒரு வண்டியின்மேல் நடந்தேறியிருக்கிறது. அதற்கு அனுமதி கொடுத்து, இன்னும் ஓரடி என்று அளந்தும் சொன்னவன் நான்.

வாரைச் சரியான பல்லில் மாட்டி, இறுக்கி, மூடியைப் பூட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கார் முதல் திருகலிலேயே உயிர்பெற்று, முணுமுணுப்பாக ஓடியது. ராமசாமி தம் சாக்குப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, இருட்டுமுன் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார். பேச்சிமுத்து, தட்டில் மிஞ்சிய திருகை என்னிடம் கொடுத்தார். வைத்துக்கொள்ளுங்கள், உதவும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அஞ்சலகத்துக்குப் போனோம். இம்முறை முருகையாவை உள்ளே அழைத்துக்கொண்டேன். தொடர்பு கிடைக்க ஒன்பதே முக்கால் ஆயிற்று. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். என் அனுமதியைச் சொன்னேன். புதன்கிழமை நான் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதையும் சொன்னேன். இவ்வளவையும் நின்றபடி, முருகையா கேட்க, உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. அஞ்சல்தலை ஒட்ட வந்தவர்களும் கேட்டார்கள்.

அண்ணன் குரலில் சினம் இல்லை. அதைவிட மோசமான ஒரு நிதானம் இருந்தது. “அன்னைக்கு நீ சொன்னதை நம்பினேன். இன்னைக்கு வேற சொல்லுத. எதை நான் நம்ப? போனை அவன்ட்ட குடு.”

முருகையாவிடம் கொடுத்தேன். சுருக்கமாக, நான் செய்யவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று சைகையால் கெஞ்சினேன். அவர் இரண்டு கையாலும் கருவியைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றியதிலிருந்து தொடங்கினார். வழியில் எங்கெங்கே நின்றோம், எந்த மரத்தடியில் நிறுத்தினார், ரத வீதியில் எந்தக் கடைக்கு எதிரே, என்ன சாப்பிட்டார். முதல் கியரில் போட்டுவிட்டுப் போனது நான்தான் முதலாளி, அது என் பழக்கம், அதை ஒளிக்க மாட்டேன் என்றார். அந்த இடத்தில், அழைப்புக்குரிய மூன்று நிமிடம் முடிந்து தொடர்பு அறுந்தது. தம்மேல் பழி வரக்கூடிய ஒரே வாக்கியத்தைச் சரியாகச் சொல்லி முடித்திருந்தார். சப்பரம் வரை வரவே இல்லை.

மறுபடி பதிவு செய்தால் பன்னிரண்டு மணி ஆகும் என்றார் தொலைபேசி ஆபரேட்டர். நான் சாவியை முருகையாவிடம் நீட்டினேன். ஓட்டலாமா என்று கேட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான்.

 கார் நன்றாகவே ஓடியது. பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எந்த இடையூறுமின்றிக் கடந்தன; அவ்வளவு எளிதாகக் கடந்தது என் எரிச்சலை மிகுவித்தது. அண்ணன் முருகையாவை விலக்கிவிட்டார் என்றால் நான் என்ன செய்யக்கூடும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை இரயில், திங்கட்கிழமை விமானம். ஒன்றும் செய்ய முடியாது. ஈப்போவிலிருந்து மன்னிப்புக் கடிதம் எழுதலாம். அது யாருக்கும் வேலையைத் திருப்பித் தராது.

பாளையங்கோட்டை வீட்டு வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சட்டை போடாமல், துண்டை மட்டும் தோளில் போட்டிருந்தார். வண்டி நின்றதும் அவர் முன்மூடியின்மேல் கையை வைத்தார்; எஞ்சினின் ஓட்டத்தைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் போய்ப் பம்பரைப் பார்த்தார். அதில் பல கைகளின் தடம் மங்கலாக இருந்தது. முருகையா இறங்கி, சாவியை நீட்டியபடி நின்றார். அண்ணன் அதை வாங்கவில்லை.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல முதலாளி.”

“உள்ள போய்ச் சாப்பிடு. நாலு மணிக்குத் தென்காசி போகணும். வண்டியைத் தொடச்சு வையி.”

முருகையா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். நானும் காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை. என்னை அவர் கேட்கவில்லை.